உட்கார இடம் கொடுக்கிற ஊர்

மாலை 6 மணி ஆனதும் புதுச்சேரி கடற்கரைச் சாலையின் இரு முனைகளிலும் போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்புகளை இழுத்துப் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டி கிடையாது. ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தார்ச்சாலை முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் நடுரோட்டில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். "டேய், ஓரமா வாடா" என்று யாரும் கத்துவதில்லை. பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடியே நடந்து பழகிய நமக்கு, அந்தக் கையை விட்டுவிட்டு நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது அங்கே போனால்தான் புரியும்.

நான் கடலூர்க்காரி. வேலை புதுச்சேரியில். மாநில எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டித் தினமும் போய் வருகிறேன். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அதே கடல், அதே வெயில், அதே பேச்சு. இரண்டிலும் வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டி அடித்துக்கொண்ட கதை உண்டு, பழைய கோயில்கள் உண்டு. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறவர்கள் புதுச்சேரியோடு இறங்கிக்கொள்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்க என்று கடலூருக்கு வருகிறவர்கள் குறைவு.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது இரண்டு காரணம். அங்கே சரக்கு விலை குறைவு, அங்கே பிரெஞ்சுக் கட்டடம் இருக்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்குச் சரக்கும் வேண்டாம், கட்டடக்கலையும் வேண்டாம். அவர்களை இழுப்பது வேறு. காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம், பயமில்லாமல் நடக்க ஒரு சாலை, நாலு பேரைக் கேட்காமலேயே வழி பிடிபடுகிற தெருக்கள். இவை எதுவும் சுற்றுலாப் பயணிகளுக்காக உண்டானவை இல்லை. ஊர்க்காரர்கள் காற்று வாங்கவும் கடைக்குப் போகவும் இருக்கிற வசதியில் வெளியூர்க்காரர்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் நிம்மதியாக உலாவுகிற இடத்தில்தான் விருந்தாளிக்கும் நிம்மதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் அத்தை விருத்தாசலத்திலிருந்து வந்திருந்தபோது ஒரு சாயங்காலம் கூட்டிப்போனேன். அத்தைக்கு முட்டி வலி. பத்தடி நடந்தால் நின்றுவிடுவார். காந்தி சிலைக்குப் பக்கத்தில், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த பழைய கல்தூண்கள் நிற்கிற இடத்தில் இறங்கினோம். கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் உட்காரத் தோதான உயரம். அத்தை செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலை நீவிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்தாற்போல் ஒரு வயதான அம்மா, மடியில் வெற்றிலைப் பையோடு.

"எந்த ஊரும்மா?"

"விருத்தாசலம்."

"அடி, கொளஞ்சியப்பர் ஊரா? என் பெரியவனுக்காக நான் அங்க வந்து பிராது கட்டியிருக்கேனே!"

கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டிச் சாமியிடம் முறையிடுவதுதான் பிராது. அதற்கப்புறம் எனக்கு அங்கே வேலையே இல்லை. எந்த வழக்குக்குப் பிராது கட்டினார், எத்தனை நாளில் பலித்தது, வாபஸ் வாங்கப் போனபோது மழை எப்படிப் பிடித்துக்கொண்டது எல்லாம் பேசி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மாவுக்கு வைத்திக்குப்பம். தினமும் சாயங்காலம் வந்து உட்காருகிறவர். அவர் இல்லாமல் வெறும் வெளியூர்க் கூட்டம் மட்டும் அந்தச் சுவரில் இருந்திருந்தால் அத்தை கடலைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் "போலாமா?" என்றிருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்கவோ, இடத்தைக் காலி பண்ணச் சொல்லவோ ஆள் வரவில்லை.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேசி முடித்து எழுந்ததும் அத்தை என் காதில் "பாத்ரூம் எங்கடி இருக்கு?" என்றார். விசாரித்துக்கொண்டு போன முதல் கழிப்பறை பூட்டியிருந்தது. அடுத்ததற்கு நடக்க அத்தையின் முட்டி ஒத்துழைக்கவில்லை. கடைசியில் ஓர் ஓட்டலில் நுழைந்து, வேண்டாத காபி இரண்டு வாங்கி, அங்கே போய்விட்டு வந்தோம். இது பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெளியூர் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பெண்கள் எத்தனை பேர்! என் அம்மா அப்படித்தான், என் தோழிகளும் அப்படித்தான். நகரத்தை அழகுபடுத்த என்று பணம் ஒதுக்கும்போது முதலில் நுழைவு வளைவும் செல்ஃபி எடுக்க எழுத்துப் பலகையும் வந்துவிடுகின்றன. திறந்திருக்கிற, தண்ணீர் வருகிற, கதவில் தாழ்ப்பாள் இருக்கிற, உள்ளே விளக்கு எரிகிற கழிப்பறை வந்தால் அந்த ஊருக்கு வரும் பெண்கள் கூடுதலாக இரண்டு மணி நேரம் தங்குவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பூக்காரருக்கும் சுண்டல்காரருக்கும் வியாபாரம். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

சரி, வழி தெரிகிற விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரியின் பழைய நகரத்தில் தொலைந்துபோவது கஷ்டம். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. கிழக்கே போகிற தெருவைப் பிடித்தால் கடல் வந்துவிடும். 1693-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட வரைபடம்தான் இந்த நேர்த்தெருக்களுக்கு அடித்தளம். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டியபோதும் தெருக்களின் கோடு பெரும்பாலும் மாறவில்லை. இப்போது தெருமுனையில் நீலப் பலகை, வெள்ளை எழுத்தில் பெயர். செஞ்சி சாலைக்கும் மிஷன் வீதிக்கும் நடுவே வாய்க்கால் வருகிறதா, அதற்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி. இந்த ஒரு குறிப்பு போதும், நாள் முழுக்கச் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

தமிழ்ப் பகுதியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. படம் எடுக்கிறவர்கள் எல்லாம் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் தேடிக் கிழக்கே போய்விடுகிறார்கள். மேற்கே வைசியாள் வீதியிலும் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியிலும் இருக்கிற பழைய வீடுகளில் தெருவைப் பார்த்த தாழ்வாரம் உண்டு, மரத்தூண் உண்டு, திண்ணை உண்டு. பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டும். தமிழ் வீடு தெருவுக்குத் திண்ணையைக் காட்டும். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும், பொழுது சாய்ந்தால் தலை சாய்க்கவும் வீட்டின் ஒரு பகுதியையே ஒதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வைசியாள் வீதி வீடுகளின் முகப்புகளைப் பழையபடி சீராக்கியது. அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. ஒரே ஒரு தெருவாக அது நின்றுபோகாமல் நாலைந்து தெருக்களுக்குப் பரவியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பல திண்ணைகளுக்கு இன்று இரும்புக் கிரில் வந்துவிட்டது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. ராத்திரி குடித்துவிட்டு வந்து திண்ணையில் விழுந்து கிடக்கிறவனை யார் எழுப்பி அனுப்புவது?

ஒளிந்துகொள்ள வந்தவர்களுக்கும் இடம் கொடுத்த ஊர் இது. 1908-ல் சென்னையிலிருந்து தப்பி வந்த பாரதி பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். தெருமுனை தோறும் ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் நின்ற காலம். அப்படிப்பட்டவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவதும், கூட உட்கார்ந்து பேசுவதும் சாதாரணக் காரியமில்லை. குவளைக் கண்ணனைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் அதைச் செய்தார்கள். பாரதி குடியிருந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் நினைவில்லமாக இருக்கிறது. உள்ளே போனால் கொஞ்ச நேரம் முற்றத்துப் பக்கம் சும்மா நின்றுவிட்டு வாருங்கள்.

இப்போது கடல். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது புதுச்சேரி கடற்கரையில் மணலே கிடையாது. கருங்கல் குவியல்தான். கடலுக்கு அவ்வளவு கிட்டே வந்தும் கால் நனைக்க முடியாது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டியது முக்கியக் காரணம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். குறுக்கே சுவர் வந்ததும் தெற்கே மணல் தங்கிவிட்டது, வடக்கே நகரத்துக் கரை அரித்துக்கொண்டே போனது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகம் குறைந்து மணல் சேர ஆரம்பித்தது. காந்தி சிலைக்கு வடக்கே இன்றைக்குப் பிள்ளைகள் மணலில் குழி தோண்டி விளையாடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைகிறது.

ஆனால் கல் கொட்டிய இடத்தோடு அரிப்பு நிற்கவில்லை. அது இன்னும் வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கத்து மீனவர்களின் கரையைத் தின்றது. படகு ஏற்றி வைக்க, வலை காயப்போட இருந்த மணல் போய்விட்டது, சில இடங்களில் வீடும் போய்விட்டது. நகரத்துக் கரைக்கு வருகிற நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. விருந்தாளிகளுக்காக ஒரு கரையைச் சீராக்கும்போது பக்கத்துக் கரையில் என்ன ஆகிறது என்பதையும் அதே பொறியாளர்கள், அதே திட்டத்தில், அதே பணத்தில் பார்க்க வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் பிரெஞ்சுப் பகுதியில் குடியிருப்பவர்கள் படுகிற பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. வாசற்படியில் நின்று படம் எடுக்கிறார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் "ஒரு நிமிஷம் சார், ஃபிரேம்ல வர்றீங்க" என்கிறார்கள். வண்டியை வாசலை அடைத்து நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். வீடுகள் ஒவ்வொன்றாக விடுதியாகவும் கஃபேயாகவும் மாறிக்கொண்டு வருகின்றன. ஒரு தெருவில் பால்காரருக்கு வேலை இல்லாமல் போகிறபோது, அந்தத் தெருவில் வழி கேட்டாலும் சொல்ல ஆள் இருக்காது. அடுத்த கஃபேயின் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார், அவரும் நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பார். விடுதிகளுக்கு உரிமம் கொடுக்கும்போது ஒரு தெருவில் இத்தனைதான் என்று வரம்பு வைக்க வேண்டும் என்பது என் கருத்து. வாரக் கடைசியில் வெளியூர் வண்டிகளை வாய்க்காலுக்கு மேற்கேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னாலும் தப்பில்லை. அந்தப் பகுதியே ஒரு நடை தூரம்தானே.

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் என்று சொன்னால் நம் மனதில் வருவது தோளில் கேமரா தொங்கவிட்டவர்கள். ஆனால் விடியற்காலையில் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிற முதல் பஸ்களில் ஏறிப் பாருங்கள். மடியில் ஸ்கேன் கவரோடும் ஒயர்க்கூடையில் பிளாஸ்க்கோடும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் பாதிக்கு மேல். அவர்களும் இந்த ஊரின் விருந்தாளிகள். புதிய பஸ் நிலையத்தில் அவர்கள் இறங்கும்போது "ஜிப்மர், கோரிமேடு" என்று கூவி ஏற்றிக்கொள்கிற வண்டிக்காரர், எந்த வாசலில் இறங்கினால் ஓ.பி. சீட்டு போடுகிற இடம் கிட்டே என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். கோரிமேட்டு டீக்கடையில் சீட்டைக் காட்டினால் எந்தக் கட்டடம் என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்வார்கள். இந்தத் தகவலுக்கு யாரும் காசு வாங்குவதில்லை. நோயாளியோடு வந்து நாள் கணக்கில் தங்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் இன்னும் அறைகள் வேண்டும், குளிக்க இடம் வேண்டும், நிழல் வேண்டும். கடற்கரைக்கு ஒரு ரூபாய் செலவழித்தால் கோரிமேட்டுப் பக்கம் ஒரு ரூபாய் செலவழிக்கட்டும்.

விருந்தாளியை எப்படி எதிர்கொள்வது என்று நம் பக்கத்து மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்துக்கு வந்து பாருங்கள். மயிலம் முருகனும் தீவனூர் பிள்ளையாரும் இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வருகிறார்கள். வருகிற வழியெல்லாம் பந்தல், நீர்மோர், அன்னதானம். கடலூர் மாவட்டத்துக் கிள்ளையில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி மாசிமகத்துக்கு வரும்போது அங்குள்ள தர்காவின் சார்பில் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். இது காலங்காலமாக நடப்பது. பந்தல் போடுகிறவர் யார் எந்த ஊர் என்று பார்த்து மோர் ஊற்றுவதில்லை. அந்த ஒரு நாள் தெருவில் இருக்கிற நிழலும் தண்ணீரும் மற்ற நாட்களிலும் இருக்கும்படி செய்வது ஒரு மாநகராட்சியால் முடியாத காரியமா?

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் அவர்களுக்கு என்று பேச்சு. இருப்பதிலேயே பெரிய பீரங்கியைக் கொண்டு சுட்டு எல்லை குறித்தார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த கிராமங்களில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நினைவோடு குண்டு சாலை இன்றும் இருக்கிறது. தினமும் ஆயிரம் பேர் அதில் போகிறார்கள். இந்தக் கதையைச் சொல்ல ஒரு பலகை கூட என் கண்ணில் பட்டதில்லை. அப்புறம் அப்பர். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறினார் என்று சொல்லப்படுகிற இடம் கரையேறவிட்டகுப்பம். கரையேறியவரைத் திருப்பாதிரிப்புலியூர் அடியார்கள் கூடி ஆரவாரத்தோடு வரவேற்றார்கள் என்கிறது பெரியபுராணம். கடலில் மிதந்து வந்தவரை அப்படி வரவேற்ற ஊர், பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்குக் கடல் எந்தப் பக்கம் என்றாவது காட்ட வேண்டும்.

தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் மணலுக்குக் குறைவில்லை. அந்த அகலமான மணல் புதுச்சேரி நகரத்தில் எங்கேயும் கிடையாது. சாயங்காலம் எங்கள் ஊர்க் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. மிளகாய் பஜ்ஜியும் இருக்கிறது. தேவைப்படுவது சின்னச் சின்ன விஷயங்கள். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ராத்திரி ஒன்பது வரைக்காவது நம்பிப் போகக்கூடிய பஸ். வழி நெடுக எரிகிற விளக்கு. முதுகு சாய்க்க முடிகிற பெஞ்சுகள். இரண்டு நல்ல கழிப்பறை, அவற்றைக் கழுவ ஒழுங்கான சம்பளத்தில் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம் மட்டும் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். இது எங்கள் வார்டு பெண்கள் கூடினாலே பேசுகிற பேச்சு, நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

அடுத்த முறை புதுச்சேரிக்கு வருகிறவர்கள் அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாக வரும். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போகலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. வெயில் தாழ்ந்ததும் தேவனாம்பட்டினம் போங்கள். இருட்டிய பிறகு திரும்பி வர பஸ் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.